லாபத்தில் பங்கு கொடுத்த பிறகும் விமான ஊழியர்கள் ஏன் முணுமுணுக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் நல்ல ஆண்டுகளில் ஒரு பில்லியன் டாலருக்கு மேல் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. எமிரேட்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் மாதக்கணக்கில் போனஸ் தருகின்றன. அப்படியிருந்தும் விமான ஊழியர்களிடம் பேசினால் குறைதான் அதிகம் காதில் விழுகிறது. லாபத்தில் பங்கு கொடுத்தால் வேலையில் பிடிப்பு கூடுமா, கூடாதா?

கூடும். ஆனால் தொகை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பணம் எந்தக் கணக்கில் வந்தது, அந்தக் கணக்கை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை ஊழியர் பார்க்கிறார். அது தெரியாத இடத்தில் எட்டு மாதச் சம்பளம் கொடுத்தாலும், அடுத்த வருடம் ஏழு என்றவுடன் முகம் வாடிவிடும்.

டெல்டாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லாபப் பங்கை ஊழியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. டெல்டாவின் விமானிகள் 2004-ல் 32.5 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். அதுவும் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 2005 செப்டம்பர் 14 அன்று டெல்டா திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2006-ல் இன்னொரு 14 சதவீதம் வெட்டு. அதே ஆண்டில் விமானிகளின் ஓய்வூதியத் திட்டமே முடித்து வைக்கப்பட்டது. இருபது வருடம் பணிபுரிந்த ஒரு கேப்டன் தன் முதுமைக்கென்று போட்டிருந்த கணக்கு ஒரே ஆண்டில் சிதறிப்போனது. மற்ற ஊழியர்களுக்கும் சம்பள வெட்டும் ஆட்குறைப்பும் வந்தன.

2007 ஏப்ரலில் நிறுவனம் திவால் நிலையிலிருந்து மீண்டது. இன்றைய லாபப் பங்குத் திட்டம் அந்த நேரத்தில் உருவானதுதான். அதாவது, இழந்ததற்கு ஈடாக, 'நிறுவனம் மீண்டும் சம்பாதித்தால் அதில் உங்களுக்கும் பங்கு' என்று தரப்பட்ட வாக்கு அது. பின்னாளில் அது ஆண்டுதோறும் பிப்ரவரி 14-ல், காதலர் தினத்தன்று, கொண்டாட்டமாக வழங்கப்படும் பணமாக மாறியது. செய்தித்தாள்கள் அதை நிறுவனத்தின் தாராள மனம் என்று எழுதின. அந்த வெட்டுகளைக் கடந்து வந்த ஊழியர் அப்படி நினைப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை அது தன்னிடமிருந்து வாங்கிய கடன், தவணை தவணையாகத் திரும்பி வருகிறது.

சூத்திரம் எழுத்தில் இருக்கிறது. வரிக்கு முந்தைய லாபத்தில் முதல் 2.5 பில்லியன் டாலருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் வரும் லாபத்துக்கு 20 சதவீதம். லாபம் என்றால் என்ன என்பதற்கும் திட்டத்திலேயே தனி வரையறை உண்டு. இந்தக் கணக்கில் 2015-ஆம் ஆண்டு லாபத்துக்காக 2016 பிப்ரவரியில் 1.5 பில்லியன் டாலர் பிரிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் 1.6 பில்லியன், ஒவ்வொருவருக்கும் ஆண்டுச் சம்பளத்தில் 16.6 சதவீதம், அதாவது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம்.

இதற்கு நடுவே 2015-ல் நடந்ததுதான் முக்கியம். விமானிகளின் புதிய ஒப்பந்தத்தில் நிர்வாகம் நல்ல சம்பள உயர்வு தர முன்வந்தது. பதிலுக்கு லாபப் பங்கின் ஒரு பகுதியை விட்டுத்தரக் கேட்டது. வெளியிலிருந்து பார்த்தால் நியாயமான பேரம். நிலையில்லாத பணத்தைக் கொடுத்துவிட்டு நிலையான சம்பளத்தை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்றுதான் தோன்றும். விமானிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் அதை எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். எதிர்ப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் திரும்பத் திரும்ப எழுந்த குரல் ஒன்றுதான்: மோசமான காலத்தில் எங்கள் சம்பளத்தை எடுத்துக்கொண்டீர்கள், நல்ல காலம் வந்ததும் பங்கையும் எடுக்கப் பார்க்கிறீர்கள்.

டெல்டாவில் விமானிகளுக்கும், விமானப் போக்குவரத்தைத் திட்டமிடும் டிஸ்பாட்சர்களுக்கும் சங்கம் உண்டு. கேபின் க்ரூ, தரைப்பணியாளர்கள், மெக்கானிக்குகள் பெரும்பாலும் சங்கத்தில் இல்லை. கேபின் க்ரூவுக்குச் சங்கம் அமைக்க 2010-ல் நடந்த வாக்கெடுப்பு தோற்றது. ஒப்பந்தம் இல்லாத இந்த ஊழியர்களுக்கு 2015-ல் என்ன ஆனது? அடிப்படைச் சம்பளத்தை 14.5 சதவீதம் உயர்த்திவிட்டு, லாபப் பங்கின் சூத்திரத்தை நிர்வாகமே மாற்றி அறிவித்தது. விமானிகளிடம் கேட்க வேண்டியிருந்தது. இவர்களிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பின்னர் நிர்வாகமே பழைய சூத்திரத்துக்குத் திரும்பியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரே நிறுவனம், ஒரே லாபம், ஒரே சூத்திரம். ஒரு பிரிவுக்கு அது உரிமை, இன்னொரு பிரிவுக்கு அது சலுகை என்ற வேறுபாடு அன்று எல்லோருக்கும் வெளிச்சமானது. அமெரிக்காவில் சங்கம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இன்றுவரை இந்த டெல்டா பணத்தைத்தான் உதாரணமாகக் காட்டி வாதாடுகிறார்கள். ஒரு தரப்பு 'சங்கம் இல்லாமலே இவ்வளவு கிடைக்கிறதே' என்கிறது. மறு தரப்பு 'நாளைக்கு நிறுத்தினால் யாரைக் கேட்பாய்' என்கிறது. எனக்கு இரண்டாவது வாதம்தான் வலுவாகப் படுகிறது.

வளைகுடாவுக்கு வருவோம், நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்யும் இடம். எமிரேட்ஸ் குழுமம் 2022-23 நிதியாண்டில் 10.9 பில்லியன் திர்ஹாம் லாபம் பார்த்தது. ஊழியர்களுக்கு 24 வாரச் சம்பளம் போனஸ். மறு ஆண்டு லாபம் 18.7 பில்லியனாக எகிறியது. போனஸ் 20 வாரம். அதற்கடுத்த ஆண்டு இன்னொரு சாதனை லாபம், 22 வாரம். எந்த அளவுகோலில் பார்த்தாலும் பெரிய தொகைதான், வாங்கியவர்களின் குடும்பங்களில் கடன் அடைந்திருக்கும், வீடு எழும்பியிருக்கும். ஆனால் லாபம் 70 சதவீதத்துக்கு மேல் கூடிய ஆண்டில் வாரங்கள் ஏன் குறைந்தன என்று கேட்டால், ஊழியர் தானே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படியான கணக்கு அவர் கையில் இல்லை. நிர்வாகத்துக்கு அதற்கான காரணம் இருக்கலாம். புது விமானங்களுக்குப் பணம் வேண்டும், முதல் ஆண்டு போனஸில் கொரோனா காலத் தியாகத்துக்கான ஈடும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அங்கே தொழிற்சங்கம் கிடையாது. அறிவிப்பு வரும் நாள்வரை எதிர்பார்ப்பு, வந்த பிறகு ஒப்பீடு. இருபது வாரப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் நான்கு வாரக் குறைவைப் பற்றிப் பேசினால், அது பேராசை இல்லை. விதி தெரியாத இடத்தில் மனித மனம் போன வருடத்தைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் லாபப் பங்கு, தொழிற்சங்கங்களோடு பேசி ஒப்புக்கொண்ட சூத்திரத்தின்படி கணக்கிடப்படுகிறது. 2022-23 ஆண்டுக்கு அந்தக் கணக்கில் 6.65 மாதச் சம்பளம் வந்தது. அதற்கு மேல், கொரோனா காலத்தில் ஊழியர்கள் பட்ட பாட்டுக்காக அதிகபட்சம் ஒன்றரை மாதம் கருணைத் தொகை. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். உரிமையாக வருவது இவ்வளவு, நிறுவனம் விரும்பிக் கொடுப்பது இவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் அடுத்த ஆண்டு குறைந்தாலும் எது குறைந்தது என்று புரியும். 2020-ல் அங்கே ஏறத்தாழ 4,300 பணியிடங்கள் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டதும், இருந்தவர்களுக்குச் சம்பளம் வெட்டப்பட்டதும் எல்லோருக்கும் நினைவில் இருந்தது. அந்த நினைவோடுதான் எட்டு மாதப் பணத்தை வாங்கினார்கள்.

லாபப் பங்கு கொடுத்தால் ஊழியர் கடுமையாக உழைப்பார், அதனால் லாபம் இன்னும் கூடும் என்று நிர்வாகப் பாடநூல்களில் ஒரு வாதம் உண்டு. ஒரு லட்சம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு லோடர் பத்து பெட்டிகளைக் கூடுதல் கவனத்தோடு ஏற்றினால் அவருடைய பங்கில் ஒரு பைசா கூடாது என்பது அதற்கு எதிர்வாதம். லாபத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எரிபொருள் விலை, டிக்கெட் போட்டி, நாணய மதிப்பு, போர், நோய். இதில் கேபின் க்ரூவின் புன்னகைக்கு எங்கே இடம்?

கான்டினென்டல் ஏர்லைன்ஸ் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருந்தது. இரண்டு முறை திவாலாகி, 1994-ல் நேரம் தவறாமையில் அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் பட்டியலில் அடியில் கிடந்த நிறுவனம் அது. கோர்டன் பெத்யூன் தலைமைக்கு வந்ததும் 1995 தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு: அரசு வெளியிடும் நேரம் தவறாமைப் பட்டியலில் முதல் ஐந்து இடத்துக்குள் எந்த மாதம் வந்தாலும் ஒவ்வொருவருக்கும் 65 டாலர். செக்-இன் கவுன்டரில் இருப்பவருக்கும் பெட்டி ஏற்றுபவருக்கும் அதே 65. சம்பளத்தோடு கலக்காமல் தனிக் காசோலையாக அனுப்பினார்கள். சில வாரங்களிலேயே கான்டினென்டல் பட்டியலின் மேல்பகுதிக்கு வந்துவிட்டது.

பொருளியல் ஆய்வாளர்கள் இருவர் இதைப் பிற்பாடு அலசினார்கள். நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் வேலை செய்த விமான நிலையங்களில் முன்னேற்றம் தெளிவாக இருந்தது. வேலையை வெளி ஒப்பந்தத்துக்கு விட்டிருந்த, அதனால் 65 டாலர் கிடைக்காத நிலையங்களில் அந்த அளவுக்கு இல்லை. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரும் 'என் ஒருவனால் என்ன ஆகிவிடும்' என்று நினைத்திருக்க வேண்டும். ஏன் நினைக்கவில்லை? விமானத்தைக் கிளப்புவது சிறு குழுக்களின் வேலை. கேட்டில் இருப்பவர், க்ளீனிங் செய்பவர், எரிபொருள் நிரப்புபவர், பெட்டி ஏற்றுபவர் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்தில் இருக்கிறார்கள். ஒருவர் தாமதித்தால் மற்றவர் கேட்பார். இலக்கு கண்ணுக்குத் தெரிந்தது, ஒரு மாதத்தில் பலன் தெரிந்தது. ஆண்டு முடிவில் வரும் பெரிய தொகையால் செய்ய முடியாததை அந்தச் சிறிய தொகை செய்தது. என் கருத்தில், அன்றாட உற்சாகத்துக்கு மாத இலக்கும், நிறுவனத்தின் மேல் நம்பிக்கைக்கு ஆண்டு லாபப் பங்கும் இரண்டுமே வேண்டும். ஒன்றால் மற்றதன் வேலையைச் செய்ய முடியாது.

கான்டினென்டலைப் பின்னாளில் தன்னோடு இணைத்துக்கொண்ட யுனைடெட், 2018 மார்ச்சில் இதற்கு நேர் எதிரான காரியம் செய்தது. எல்லோருக்கும் காலாண்டுதோறும் கிடைத்துவந்த செயல்திறன் போனஸை நிறுத்திவிட்டு, குலுக்கலில் தேர்வாகும் சிலருக்கு மட்டும் கார், சுற்றுலா, ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தது. அந்தக் காலாண்டில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்தான் குலுக்கலில் சேரலாம். ஊழியர்கள் கொதித்துப்போனார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் திட்டத்தை நிறுத்திவைத்தது. சேர்ந்து பாடுபட்ட குழுவில் ஒருவருக்கு மட்டும் கார் கிடைத்தால் மறுநாள் அந்தக் குழு எப்படி வேலை செய்யும் என்பதை யோசிக்காமல் போட்ட திட்டம் அது.

உற்சாகத்தை உடனே கொல்வது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மேலிருப்பவர்களின் தனிப் பணத்தைத்தான் சொல்வேன். 2003 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவால் விளிம்பில் நின்றது. விமானிகள், கேபின் க்ரூ, தரை ஊழியர்கள் ஆகியோரின் சங்கங்கள் ஆண்டுக்கு 1.62 பில்லியன் டாலர் மதிப்புள்ள விட்டுக்கொடுப்புகளை ஏற்று வாக்களித்தன. வாக்கெடுப்பு முடிந்த கையோடு இன்னொரு செய்தி வெளிவந்தது: உயர் அதிகாரிகளுக்கு, நிறுவனத்தைவிட்டுப் போகாமல் இருக்கப் பெரும் போனஸும், திவாலானாலும் யாரும் தொட முடியாதபடி தனி ஓய்வூதிய நிதியும் ஏற்பாடாகியிருந்தன. தலைமை நிர்வாகி டான் கார்ட்டி சில நாட்களில் பதவி விலக நேர்ந்தது. ஆனால் காயம் ஆறவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும், ஊழியர்கள் வெட்டப்பட்ட சம்பளத்திலேயே இருக்க, அதிகாரிகளுக்கு நிறுவனப் பங்குகளாகப் போனஸ் வழங்கப்படும் ஏப்ரல் மாதங்களில் சீருடையோடு வந்து மறியல் செய்தார்கள். அதே நிறுவனம் 2016-ல் வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதத்தைப் பங்காகத் தரத் தொடங்கியது. போட்டி நிறுவனங்களின் விகிதத்தைவிடக் குறைவு என்பது ஒரு பக்கம். பழைய கணக்கு மனத்தில் இருக்கும்போது புதுப் பணம் எவ்வளவு வந்தாலும் அது சந்தேகத்தோடுதான் எண்ணப்படும் என்பது இன்னொரு பக்கம். 2017-ல் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அந்நிறுவனம் விமானிகளுக்கும் கேபின் க்ரூவுக்கும் சம்பளத்தை உயர்த்தியபோது பங்குவிலை சரிந்தது, 'தொழிலாளிக்கே முதலில் பணம் போகிறது, பங்குதாரருக்கு மிச்சம்தான்' என்று ஒரு பங்குச்சந்தை ஆய்வாளர் எழுதினார். இதைப் படித்த ஒரு பணிப்பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

லாபத்தில் பங்குக்குப் பதிலாக நிறுவனத்தின் பங்குகளையே (ஷேர்) கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். யுனைடெட் 1994-ல் அதைத்தான் செய்தது. ஊழியர்கள் செய்த 4.9 பில்லியன் டாலர் சம்பள விட்டுக்கொடுப்புக்கு ஈடாக நிறுவனத்தின் 55 சதவீதம் ஊழியர்கள் பெயருக்கு வந்தது. கேபின் க்ரூ சங்கம் அதில் சேரவில்லை. 2000-ஆம் ஆண்டுக் கோடையில், பெரும்பங்கின் சொந்தக்காரர்களான விமானிகளே ஓவர்டைம் பார்க்க மறுக்க, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. 2002 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. அந்தப் பங்குகளின் மதிப்பு கரைந்தது. தாளில் உரிமையாளராக இருந்தவர்களுக்கு டூட்டி ரோஸ்டரில்கூடச் சொல்லுக்கு மதிப்பில்லை என்றால் உரிமை எங்கே உறைக்கும்?

இந்தியாவில் நாம் லாபப் பங்கை வேறு பெயரில் நீண்டகாலமாக அறிவோம். தீபாவளிக்கு முன் எத்தனை சதவீதம் என்று ஆலைவாசலில் பேசப்படும் போனஸ்தான் அது. 1965-ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம், குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரையறுத்தது. நஷ்டம் வந்தாலும் குறைந்தபட்சம் உண்டு. இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. ஆனால் 2015 திருத்தத்தின்படி மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கே அந்தச் சட்டம் பொருந்தியது. விமானிகளும் பெரும்பாலான கேபின் க்ரூவும் அந்த வரம்புக்கு வெளியே. அவர்களுக்குக் கிடைப்பது நிறுவனம் விரும்பினால் தருவது.

ஏர் இந்தியா அரசிடம் இருந்தபோது இதற்கு நேர்மாறான சிக்கல். உற்பத்தித்திறனோடு இணைந்த ஊக்கத்தொகை என்ற பெயரில் தொடங்கியது, காலப்போக்கில் உற்பத்தித்திறனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் சம்பளத்தின் பெரும் பகுதியாகவே ஆகிவிட்டது. நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியபோதும் கொடுக்க வேண்டியிருந்தது. 2009 செப்டம்பரில் அதைக் குறைக்க முயன்றபோது நிர்வாகப் பொறுப்பில் இருந்த விமானிகள் பணிக்கு வராமல் நிற்க, நிர்வாகம் பின்வாங்கியது. அந்த விமானிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அந்தத் தொகையை நம்பி ஓடிக்கொண்டிருந்தால் அதன் பெயர் ஊக்கத்தொகையாக இருந்தாலும் அது சம்பளம்தான்.

உற்சாகம் வற்றிப்போனால் விமானத் துறையில் அது எப்படி வெளியே தெரியும் என்பதற்கு 2022 ஜூலை 2 போதும். அன்று இண்டிகோவின் உள்நாட்டு விமானங்களில் பாதிக்கு மேல் தாமதமாகின. கணிசமான கேபின் க்ரூ உடல்நலக் குறைவு என்று விடுப்பு எடுத்திருந்தார்கள். அதே நாளில் ஏர் இந்தியாவில் ஆட்சேர்ப்பு நடந்தது. கொரோனாவில் வெட்டிய சம்பளம் முழுதாகத் திரும்பாத காலம் அது. எந்தச் சங்கமும் வேலைநிறுத்தம் அறிவிக்கவில்லை.

பங்கு யாருக்குச் சேரவில்லை என்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். சக்கர நாற்காலி தள்ளுபவர், விமானத்தைச் சுத்தம் செய்பவர், பல நிலையங்களில் பெட்டி ஏற்றுபவர் ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். பயணி பார்வையில் அவர்களும் அதே நிறுவனத்தின் ஆட்கள். போனஸ் நாளில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, பல நிறுவனங்களில் கேபின் க்ரூவுக்கு விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் மணிக்கணக்குச் சம்பளம் ஓடும். பயணிகளை ஏற்றி உட்காரவைக்கும் நேரம் கணக்கில் வராது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் சுமார் 10,000 கேபின் க்ரூ வேலைநிறுத்தம் செய்தது முக்கியமாக இதற்காகத்தான். பணிக்குத் திரும்பச் சொன்ன உத்தரவையும் மீறி நின்றார்கள். செய்த வேலைக்கே கூலி இல்லாத இடத்தில் லாபப் பங்கைப் பற்றிப் பேசினால் எரிச்சல்தான் வரும்.

கேள்வி கேட்டவரின் வீட்டிலோ நட்பிலோ யாராவது விமான வேலைக்குப் போவதாக இருந்தால், எத்தனை வாரம் போனஸ் என்ற தலைப்புச் செய்தியை வைத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனஸ் அடிப்படைச் சம்பளத்தின் மீதா, படிகளும் சேர்த்தா என்று பார்க்கட்டும். கேபின் க்ரூவுக்கு வருமானத்தின் பெரும் பகுதி படிகளாக வரும்போது இந்த ஒரு வித்தியாசமே தொகையைப் பாதியாக்கிவிடும். சூத்திரம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, சுற்றறிக்கையில் மட்டும் இருக்கிறதா என்று கேட்கட்டும். மாதத் தவணைகளை நிலையான சம்பளத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது: 2020 பிப்ரவரியில் இரண்டு மாதச் சம்பளம் வாங்கிய டெல்டா ஊழியர்களுக்கு, அந்த ஆண்டு நிறுவனம் 12.4 பில்லியன் டாலர் நஷ்டம் காட்டியதால் மறு பிப்ரவரியில் பங்கு எதுவும் வரவில்லை. வேலையை விடும் எண்ணம் வந்தாலும், பணம் பட்டுவாடா ஆகும் நாளில் பணிப்பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராஜினாமா கடிதத்தில் தேதி போடட்டும்.